ஓடாத புழு

கீரை பிடுங்கிட்டு வாம்மான்னு அண்ணி அனுப்பினதுக்குத்தான் சின்னவ பாத்திக்குப் போனா. போனவ கீரையை மட்டும் பிடுங்கிட்டு வந்திருக்கலாம். ஆனா மண்ணைப் பார்த்தா அவளுக்குக் கை சும்மா இருக்காது, ஒரு பிடி அள்ளித் திருப்பிப் பார்த்தே ஆகணும். வேலை அப்படி. நாத்துப் பண்ணை ஒண்ணுல, புழு உரம் தயாரிக்கிற ஷெட்டுல இருக்கா. காலையில போனா சாயங்காலம் வரைக்கும் மண்புழுவோடதான் குடித்தனம். அதனால வரிசை வீட்டுக்காரங்க அவளுக்குப் புழு டாக்டர்னு பேரு வச்சுட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கூப்பிடுவாங்க, அவளும் சிரிச்சுக்கிட்டேதான் திரும்புவா. உள்ளுக்குள்ள சுருக்குன்னு இருக்கும், அது வேற விஷயம்.

ஒரு பிடி திருப்பினா. புழு இல்ல. இன்னொரு பிடி. இல்ல. சரின்னு மண்வெட்டியைப் போட்டு ஆழமா வெட்டினா, ரெண்டு வந்துச்சு. ரெண்டும் நூல் மாதிரி, வெளிறிப் போய், தொட்டாலும் துள்ளாம கிடந்துச்சு. வளர்ந்த புழுவுக்குக் கழுத்துப் பக்கத்துல தடிப்பா ஒரு பட்டை இருக்கும், மோதிரம் மாட்டின மாதிரி. அந்தப் பட்டை வந்தாத்தான் அது முட்டை போடும். இதுங்களுக்குப் பட்டையே இல்ல.

பக்கத்துலயே அண்ணன் மக, மூணு வயசு வாண்டு, ரெண்டு கையாலயும் மண்ணை அள்ளித் தலையில போட்டுக்கிட்டு இருந்தா. பாதி வாய்க்குள்ள போகுது.

"அத்தை, நீயும் தின்னு" அப்படின்னு ஒரு கட்டியை நீட்டுறா.

சின்னவ மண்வெட்டியைப் போட்டுட்டு ஓடினா. வாண்டு வாயில விரலை விட்டுத் தோண்டி எடுத்தா. எடுத்த மண்ணுல சாம்பலும் பச்சையுமா ஒரு பொடி ஒட்டிட்டு இருந்துச்சு. அதுதான் பட்டறைச் சுண்ணாம்பு.

அது என்னன்னு சொல்லிடுறேன். வரிசை வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற அந்த வெத்து நிலத்தை ஆளுக்கு ஒரு பாத்தியாப் பிரிச்சுக் காய்கறி போட்டுக்கிட்டு இருந்தாங்க. மண்ணு புளிச்ச மண்ணு, எதைப் போட்டாலும் மஞ்சளாப் போயிரும். புளிச்ச மண்ணுக்குச் சுண்ணாம்பு போடணும்னு எல்லாருக்கும் தெரியும், வாங்கிப் போடத்தான் யாருக்கும் மனசு வரல. அண்ணன் வேலை பண்றது முலாம் பட்டறையில. குழாய், கதவுக் கைப்பிடி, பூட்டு, இதுக்கெல்லாம் பளபளன்னு முலாம் ஏத்துற இடம். அங்க அழுக்குத் தண்ணியைச் சுத்தம் பண்ற தொட்டி அண்ணன் பொறுப்பு. தொட்டியில மூட்டை மூட்டையாச் சுண்ணாம்பு கொட்டுவார், அடியில களி மாதிரி படியும், அதை அழுத்திக் காய வச்சு அள்ளுவார். ஒருநாள் முதலாளிகிட்ட, இதுல ரெண்டு மூட்டை எடுத்துக்கட்டுமா, பாத்திக்குப் போடன்னு கேட்டிருக்கார். முதலாளி, ரெண்டு என்னப்பா, எவ்வளவு வேணாலும் எடுத்துக்கோன்னுட்டார். அன்னையிலேருந்து வரிசைக்கே அண்ணன்தான் சுண்ணாம்பு சப்ளை. அவரைத் தாராளம்னுதான் கூப்பிடுவாங்க. தாராளம் வந்தாச்சு, தாராளத்துக்கு ஒரு டீ போடு, இப்படி.

இப்போ முதலாளி இன்னும் ஒரு படி மேல போய், வர்ற சனிக்கிழமை ஒரு லாரி நிறைய அனுப்புறேன், எல்லாப் பாத்திக்கும் கொட்டிக்கோங்கன்னு சொல்லி விட்டிருந்தார். வரிசையே பூரிச்சுப் போயிருந்துச்சு.

சாப்பிடுறப்போ சின்னவ ஆரம்பிச்சா. "அண்ணே, அந்தச் சுண்ணாம்பு நமக்கு வேணாம்ணே."

"எதுக்கு?"

"பாத்தியில புழு செத்துட்டு இருக்கு."

அண்ணன் ரொட்டியைப் பிச்ச கையோட நிமிர்ந்து பார்த்தார். "புழு செத்தா உனக்கென்னடி, அது என்ன உன் மாமியாரா?"

அண்ணி புரையேறுற அளவுக்குச் சிரிச்சுட்டாங்க.

"சிரிக்காதீங்க அண்ணி. புழுவுக்கு மூக்கு கிடையாது, நுரையீரல் கிடையாது, தோலாலதான் எல்லாமே. மண்ணைத் தின்னு மண்ணுக்குள்ளயே நனைஞ்சு கிடக்கும். மண்ணுல ஈயமோ செம்போ காட்மியம் மாதிரி விஷ உலோகமோ இருந்தா முதல்ல அது உடம்புலதான் ஏறும். மெலிஞ்சு போகும், முட்டை நின்னு போகும். நம்ம வாண்டு நாள் பூரா அங்கதான் கிடக்கா. தின்னுறா. கீரையும் அங்கேருந்துதான் வருது."

"இங்க பாரு" அப்படின்னார் அண்ணன். "மூட்டையைப் பிரிச்சு நானே என் கையால தொட்டியில கொட்டுறேன். படியுறதையும் நானேதான் அள்ளுறேன். மேல போட்டது சுண்ணாம்பு. கீழ வர்றது மட்டும் என்ன, சர்க்கரையா?"

அவர் கண்ணால பார்த்ததைச் சொல்றார், இவ என்னத்தைச் சொல்ல? அதுவும் இல்லாம, அவர் அழைச்சுட்டு வந்த நாட்டுல, அவர் குடுத்த அறையில, அவர் தட்டுல சாப்பிட்டுக்கிட்டு, அவர் கொண்டு வந்த பொருளையே குத்தம் சொல்றது எவ்வளவு பெரிய அதிகப்பிரசங்கித்தனம்னு அவளுக்கே தெரியும். தண்ணியைக் குடிச்சுச் சமாளிச்சா. ஆனா அண்ணன் கையையும் பார்த்தா. விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு, நகத்தைச் சுத்தி வெடிப்பு. என்னண்ணே இதுன்னு எப்போ கேட்டாலும், பழகிருச்சும்மா, இதுதான் பதில்.

ஷெட்டுல ஒரு வழக்கம் உண்டு. வெளியிலேருந்து சாணி லோடு வந்தா நேராப் புழு மேல கொட்ட மாட்டாங்க. ஒரு டப்பாவுல நடுவுல பலகை வச்சு, ஒரு பக்கம் பழைய மண்ணு, இன்னொரு பக்கம் புது லோடு போடுவாங்க. பலகையை உருவிட்டு நடுக்கோட்டுல புழுவை விட்டு, மூச்சுக்குத் துளை போட்ட மூடியால மூடிருவாங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பலகையைத் திரும்பச் சொருகி எந்தப் பக்கம் எவ்வளவுன்னு எண்ணுவாங்க. புழு புதுப் பக்கத்தைச் சீண்டாம பழைய பக்கமே அடைஞ்சு கிடந்தா லோடு அப்படியே திரும்பிப் போகும். பேச்சே கிடையாது.

அதையே இங்க பண்ணிருவோம்னு ஞாயித்துக்கிழமை டப்பாவைத் தூக்கிட்டுத் தண்ணிக் குழாயடிக்குப் போனா. அங்கதான் எல்லாரும் கூடுவாங்க. ஒரு பக்கம் பாத்தி மண்ணு. இன்னொரு பக்கம் தண்ணித் தொட்டிக்குக் கீழ யாரும் சுண்ணாம்பு போடாத மண்ணு. ஷெட்டுப் புழுவையும் ஒரு கிண்ணத்துல கொண்டு வந்திருந்தா.

வரிசையில மூணாவது வீடு பஸ் டிரைவர், வாய் நீளம். "இது என்னம்மா, உன் ஷெட்டுப் புழுவா? சாணியும் காய்கறித் தோலுமாத் தின்னு வளர்ந்த செல்லப் புழு, அது எங்க மண்ணுல கால் வைக்குமா? நம்ம மண்ணுப் புழுவை விட்டுப் பாரு."

"அதுக்குக் கால் எங்கண்ணே இருக்கு?" அப்படின்னாங்க தையலக்கா, ஜன்னல்ல இருந்து. தையல் மெஷின் சத்தம் நின்னா அவங்க பேசுறாங்கன்னு அர்த்தம்.

எல்லாரும் சிரிச்சாங்க. சின்னவளுக்கு டிரைவர் சொன்னது நியாயமாப் பட்டுச்சு. நம்ம மண்ணுப் புழுவே சொன்னா அப்புறம் யார் வாயைத் திறப்பாங்க? பாத்தியை வெட்டி, தேடித் தேடி, அந்த நூல் புழுவையே ஒரு கை பொறுக்கி, அதையே நடுக்கோட்டுல விட்டா.

செவ்வாய்க்கிழமை திறந்தாங்க. பலகையைச் சொருகி எண்ணினா. பாதிக்குப் பாதி. திரும்ப எண்ணினா. பாத்தி மண்ணுலதான் ஒண்ணு ரெண்டு கூடுதலா இருந்துச்சு.

டிரைவர் விசில் அடிச்சார். "டாக்டரம்மா, பேஷண்ட் வீட்டை விட்டு வர மாட்டேங்குறாரே!"

அண்ணன் அங்கதான் நின்னார். அவர் முகத்துல அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியிலேயே வார்த்தை தடிச்சுப் போச்சு. "புழுவுக்கே தெரிஞ்சிருக்கு நல்லது எது கெட்டது எதுன்னு. உனக்குத்தான் தெரியல. சனிக்கிழமை லாரி வரும். அதுக்கு மேல இதைப் பத்தி வீட்டுல ஒரு வார்த்தை பேசக் கூடாது, சொல்லிட்டேன்."

சின்னவ டப்பாவைக் கழுவக்கூட இல்லாம எடுத்துட்டுப் போனா. அண்ணி பின்னாடியே வந்து, விடும்மா, உனக்கு எல்லாத்துக்கும் பயம்னாங்க. ஆறுதலாத்தான் சொன்னாங்க. அதுதான் இன்னும் சுட்டுச்சு.

ஏன் ஓடல? நாள் பூரா இதே நெனப்பு. ஈரம் கூடிப் போச்சா, வெயில் பட்டுச்சா, பலகை இடுக்குல சிக்கிக்கிச்சா, எப்படி யோசிச்சாலும் எதுவும் பொருந்தல. பாத்தி மண்ணை ஒரு பொட்டலமாக் கட்டி மண்ணுப் பரிசோதனைக்கூடத்துக்கும் அனுப்பி வச்சா. புழு கெட்டதுன்னு சொல்லும், என்ன கெட்டதுன்னு சொல்லாது, அதுக்கு லேப்தான் வழி. ஆனா பதில் வர வாரக்கணக்காகும்னுட்டாங்க. லாரி சனிக்கிழமை.

புதன்கிழமை பஸ்ஸை விட்டுட்டா. கூட வேலை பார்க்கிற அக்கா ஒருத்தங்க பண்ணை வேன்ல கொண்டு வந்து இறக்கி விட்டாங்க. அந்தப் பக்கம் அவங்க வந்ததே இல்ல. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழ வச்சதும் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க.

"என்னடி இது நாத்தம்? சில்லறைக் காசை வாயில போட்டு மென்ன மாதிரி இருக்கு!"

சின்னவ மூக்கை இழுத்துப் பார்த்தா. "ஒண்ணும் வரலையேக்கா."

"வரலையா? எனக்குக் குமட்டுது. எப்படித்தான் இருக்கீங்களோ போ." கதவை அடைச்சுட்டு வேன் போயிருச்சு.

அவ அங்கேயே நின்னா. இந்தத் தெருவுக்கு வந்த புதுசுல பட்டறை நாத்தம் தாங்காம முந்தானையை முகத்துல கட்டிக்கிட்டுத் தூங்கினது அவதான். முதல் வாரம் சோறு இறங்கல. அண்ணன் சிரிச்சுக்கிட்டே, கொஞ்ச நாள்ல பழகிரும்னார். பழகிருச்சு. நாத்தம் போகல, அவ மூக்குதான் போச்சு.

பையைக்கூட உள்ள வைக்காம நேரா பாத்திக்கு ஓடினா. ஒரு பக்கெட் மண்ணை அள்ளிச் சலிச்சா. புழு முட்டை கடுகைவிடக் கொஞ்சம் பெருசா, எலுமிச்சம்பழ வடிவத்துல மஞ்சளா இருக்கும், பழகின கண்ணுக்குத் தப்பவே தப்பாது. ஷெட்டுல உள்ளங்கை மண்ணுலயே நாலஞ்சு கிடைக்கும். இங்க பக்கெட் முழுக்கச் சலிச்சும் ஒண்ணு இல்ல. இன்னொரு பக்கெட். ஒண்ணு இல்ல.

அப்பதான் உறைச்சுச்சு. ஓடாத புழு அந்த இடம் பிடிச்சுப் போய் இருக்கல. ஓடத் தெரிஞ்சதெல்லாம் எப்பவோ ஓடிருச்சு, தாங்காததெல்லாம் செத்துருச்சு. மிச்சம் இருந்தது சுரணை மழுங்கி, பிள்ளைகுட்டி இல்லாம, உயிரை மட்டும் பிடிச்சு வச்சிருக்கிற கூட்டம். அதைப் போய், உனக்கு இந்த இடம் நல்லா இருக்கான்னு கேட்டா அது என்ன சொல்லும்? பழகிருச்சும்மான்னுதான் சொல்லும்.

அவளுக்குப் பயம் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். பயம் அப்படியேதான் இருந்துச்சு. அது மேலயே கோவமும் வந்து உட்கார்ந்துக்கிச்சு, அவ்வளவுதான்.

மறுநாள் விடிஞ்சதும் டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டினா. கையில புது டப்பா, கிண்ணத்துல ஷெட்டுப் புழு, கொழுகொழுன்னு, பட்டையோட.

"அண்ணே, இந்த டப்பாவை உங்க வீட்டுல வச்சுப் பூட்டிக்கோங்க. நான் தொட மாட்டேன். சனிக்கிழமை காலையில நீங்களே திறங்க."

"எங்க வீட்டுலயா? என் பொண்டாட்டி என் செருப்பையே உள்ள விட மாட்டா, புழுவை விடுவாளா?" அப்புறம் அவ முகத்தைப் பார்த்தார், குரல் இறங்கிச்சு. "செல்லப் புழுவை வச்சா அது சும்மாவே ஓடும்னு அன்னைக்கே சொன்னேனே."

"நீங்க இந்தத் தெருவுக்கு வந்த புதுசுல நாத்தம் அடிச்சுச்சா இல்லையா?"

"அடிச்சுச்சு. அப்பப்பா."

"இப்போ?"

டிரைவர் மூக்கைச் சுருக்கினார்.

"புதுசா வர்றவங்களைத்தாண்ணே கேட்கணும். பழகினவங்களைக் கேட்டது என் தப்பு."

அவர் தாடையைச் சொறிஞ்சுட்டு டப்பாவை வாங்கினார். வாங்கினவர் திருப்பி நீட்டினார். "ஒண்ணு சொல்றேன் கேளு. சுண்ணாம்புன்னாலே புழுவுக்கு எரியும், அதான் ஓடிருச்சுன்னு உங்க அண்ணன் சொல்லுவார். அப்போ என்ன பண்ணுவ?"

அவளுக்கு அது தோணவே இல்ல. நல்ல கேள்வி. கடை திறந்ததும் நிஜச் சுண்ணாம்பு ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்தா. தண்ணித் தொட்டிக்குக் கீழ எடுத்த மண்ணையே ரெண்டு பங்காப் பிரிச்சா. ஒண்ணுல கடைச் சுண்ணாம்பு ஒரு கரண்டி, இன்னொண்ணுல பட்டறைச் சுண்ணாம்பு அதே கரண்டி. மண்ணு ஒண்ணு, ஈரம் ஒண்ணு, அளவு ஒண்ணு. நடுக்கோட்டுல ஷெட்டுப் புழுவை விட்டு மூடினா. டிரைவர் பக்கத்துல நின்னு மேஸ்திரி மாதிரி, ம், சமமாப் போடு, சமமாப் போடுன்னு அதட்டிக்கிட்டே இருந்தார். யோசனை அவரோடதாச்சே. சாயங்காலத்துக்குள்ள வரிசை பூராவும், நான்தான் சொன்னேன், நான்தான் சொன்னேன்னு பரப்பிட்டார். அது முதலாளி காது வரைக்கும் போயிருச்சு.

அண்ணன் காதுக்கும்தான். அவர் கத்தல. அவகிட்ட பேச்சையே நிறுத்திட்டார். தட்டை வச்சா சாப்பிட்டுட்டு எழுந்து போவார். ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு நாள் அந்த மௌனத்தைத் தாங்குறது, அப்பா, அது கொடுமை. அண்ணிதான் நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்சாங்க. ஆனா ஒண்ணு, அந்த ரெண்டு நாளும் வாண்டைப் பாத்திப் பக்கம் விடல. கீரையும் சமைக்கல. ஏன்னு அண்ணன் கேட்கல, அவங்களும் சொல்லல.

சனிக்கிழமை காலையில பாத்தி நிலத்து வாசல்ல எல்லாரும் நின்னாங்க. லாரி சொன்ன நேரத்துக்கு வந்துச்சு, மேல தார்ப்பாய் போட்டு. அதுக்குப் பின்னாடி முதலாளி கார். கொட்டுற இடத்தைக் காட்ட அண்ணன் லாரிகூடவே வந்திருந்தார். இறங்கினதும் பின்கதவுக் கொக்கி ஒண்ணைத் தட்டி விட்டுட்டு, இன்னொண்ணுக்குக் கை வச்சார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்" அப்படின்னா சின்னவ.

பஸ் டிரைவர் டப்பாவைக் கொண்டாந்து நடுவுல வச்சார். பூட்டுப் போட்டுக் கயிறு வேற கட்டியிருந்தார், என்னமோ நகைப்பெட்டி மாதிரி. பலகையைச் சொருகினார். பட்டறைச் சுண்ணாம்புப் பக்கத்தைக் காகிதத்துல கவுத்தார், விரலால கிளறினார். ஒரே ஒரு புழு. உயிர் இருந்துச்சு, ஆனா நடுவுல அங்கங்க வீங்கி, தோல் புண்ணாகி, சுருளக்கூட முடியாம கிடந்துச்சு. அடுத்த பக்கத்தைக் கவுத்தார். கடைச் சுண்ணாம்பு மண்ணுக்குள்ள மத்ததெல்லாம் பந்து மாதிரி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு நெளியுது.

யாரும் சிரிக்கல. டிரைவர்கூட.

முதலாளி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். சத்தம் போடுற ஆள் இல்ல அவர், மெதுவாத்தான் பேசுவார். "யாரு, நீதான் புழு டாக்டரா? நல்லதும்மா. புழு சொல்றதைக் கேட்டுத் தொழில் பண்ணா, நானும் மண்ணைத்தான் திங்கணும்." திரும்பி அண்ணனைப் பார்த்தார். "நாலு பேருக்கு உதவியா இருக்கட்டும்னு அனுப்பினேன். சுண்ணாம்புதானேப்பா அது? நீயே சொல்லு, தினமும் அள்ளுறவன் நீ."

"சுண்ணாம்புதான்" அப்படின்னார் அண்ணன்.

தையலக்கா முன்னாடி வந்தாங்க, கழுத்துல அளவு நாடா தொங்குது. அவங்க சண்டைக்குக் கேட்கல, தெரியாமத்தான் கேட்டாங்க. "தம்பி, அந்தத் தொட்டியில எதுக்குச் சுண்ணாம்பு போடுறீங்க?"

"அது வந்துக்கா, முலாம் போட்ட தண்ணியில செம்பு, நிக்கல், காட்மியம்னு கரைஞ்சு கிடக்கும். அப்படியே சாக்கடையில விடக் கூடாது. சுண்ணாம்பு போட்டா அதையெல்லாம் பிடிச்சு இழுத்துட்டு அடியில போய்..."

நின்னுட்டார்.

தினமும் செய்யுற வேலை. எத்தனை புது ஆளுக்கு இதே வார்த்தையில சொல்லிக் குடுத்திருப்பார். அன்னைக்குத்தான் அவரே அதைக் காதால கேட்டார் போல. பார்வை பாத்தி பாத்தியாப் போகுது. எல்லாம் அவர் தோள்ல சுமந்து வந்து போட்டது.

"பேச்சு போதும்" அப்படின்னார் முதலாளி. "லாரிக்கு அடுத்த லோடு இருக்கு. உன் தங்கச்சியை வீட்டுக்கு அனுப்பு. கதவைத் திற."

லாரி பின்னாடி வர ஆரம்பிச்சுச்சு, பீங் பீங்னு கத்திக்கிட்டு. சின்னவ போய்க் கொட்டுற இடத்துல நின்னா. ரெண்டு காலையும் மண்ணுல அழுத்தி ஊனிக்கிட்டா.

"நகரும்மா" அப்படின்னு லாரிக்காரர் கத்துறார்.

"நகர மாட்டேன். கொட்டணும்னா என் மேல கொட்டுங்க."

"தள்ளு" அப்படின்னார் முதலாளி அண்ணனைப் பார்த்து.

அண்ணன் நகரல. அப்போதான் அண்ணி பாத்திக்குள்ள இறங்கினாங்க. குனிஞ்சு, வேரோட, கை கொள்ளுற அளவுக்குக் கீரையைப் பிடுங்கினாங்க. எப்பேர்ப்பட்ட கீரை தெரியுமா, தளதளன்னு. மண்ணை உதறிட்டு நேரா முதலாளிகிட்ட வந்து நீட்டினாங்க.

"ஐயா, உங்க சுண்ணாம்புல விளைஞ்சது. வீட்டுக்குக் கொண்டு போங்க. பேரப்பிள்ளைங்க இருக்காங்கல்ல? அவங்களுக்குச் சமைச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

முதலாளி கீரையைப் பார்த்தார். எல்லாரும் அவர் கையைப் பார்த்தாங்க. கை பாக்கெட்டுக்குள்ளயே இருந்துச்சு.

"வாங்கிக்கோங்க ஐயா. என் மக தினமும் இதைத்தான் தின்னா."

"எனக்கு... கீரை ஒத்துக்காதும்மா" அப்படின்னார் அவர்.

அண்ணி நீட்டின கையை மடக்கல. அண்ணன் அந்தக் கீரையைப் பார்த்தார், அந்தப் பாக்கெட்டைப் பார்த்தார். அப்புறம் லாரிக்குப் பின்னாடி போனார். சின்னவ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா, கொக்கியைத் தட்டப் போறார், மேல விழப் போகுதுன்னு. டங்குன்னு ஒரு சத்தம். கண்ணைத் திறந்தா, முன்னாடி அவுத்து விட்ட கொக்கியைத் திரும்ப மாட்டிட்டு, கதவை உள்ளங்கையால ரெண்டு தட்டுத் தட்டினார்.

"வண்டியைத் திருப்புப்பா. இங்க கொட்டுறதுக்கு இடம் இல்ல."

"இரு இரு" அப்படின்னு பஸ் டிரைவர் ஓடினார், அவர் வீட்டுக் கொல்லையில பிரிக்காம கிடந்த மூட்டையை எடுத்துட்டு வர. தையலக்கா வீட்டுலேருந்து ரெண்டு. எல்லாரும் வரலைங்க, உண்மையைச் சொல்லணும். சில பேர் கதவைச் சாத்திக்கிட்டாங்க, முதலாளியைப் பகைச்சுக்க முடியுமான்னு. ஒருத்தர், என் தக்காளி நல்லாத்தானே இருக்குன்னு வாசல்லயே நின்னுட்டார். ஆனா வந்த மூட்டையெல்லாம் தார்ப்பாய்க்கு மேல ஏறுச்சு. லாரிக்காரர், யோவ் நான் கொட்டத்தான்யா வந்தேன், ஏத்திக்க வரலைன்னு தலையில அடிச்சுக்கிட்டார். கடைசியா அண்ணி அந்தக் கீரைக்கட்டையும் மேல வீசினாங்க.

சின்னவ இன்னும் அதே இடத்துல நிக்கிறா. அண்ணன் வந்து பக்கத்துல நின்னார். ரெண்டு நாளா பேசாதவர்.

"எத்தனை அடி தோண்டணும்?" அப்படின்னார்.

"தெரியலண்ணே. லேப்ல சொன்னாத்தான் தெரியும். எல்லாத்தையும் தோண்டினாலும் எல்லாம் போகுமான்னும் தெரியல."

"வாண்டை?"

"திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்க. உங்க கையையும் காட்டணும்."

அவர் கையைப் பின்னாடி மறைச்சார். பழக்கதோஷம். பழகிருச்சுன்னு சொல்ல வாயெடுத்தவர், சொல்லாம விட்டுட்டார்.

முதலாளி கார் கண்ணாடியை இறக்கினார். "திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம்."

அண்ணன் கார்கிட்டப் போனார், ஜன்னல்ல கை வச்சுக் குனிஞ்சார். உரிஞ்சு போன அந்த விரலெல்லாம் முதலாளி மூக்குக்கு நேரா. "திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன், லீவு. செவ்வாய்க்கிழமை வருவேங்க. வேலை குடுத்தாலும் குடுக்காட்டியும் வருவேன். இந்த லோடை எங்க கொட்டப் போறீங்கன்னு எனக்குத் தெரியணும்ல? இன்னொரு வரிசை வீட்டுக்குப் பின்னாடி கொட்டினீங்கன்னா, அங்கயும் டப்பாவோட வருவோம். என் தங்கச்சிகிட்டப் புழுவுக்குப் பஞ்சமே இல்ல."